வாய்தாவில் தொலையும் கூரை

அடிபட்டு நிற்கும் பெண்ணுக்கு முதல் கவலை, இன்று இரவு பிள்ளைகளோடு எங்கே படுப்பது என்பதுதான். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் அதை அறிந்தே எழுதப்பட்டது. அவள் குடித்தனம் நடத்திய வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் வசிப்பிட உரிமை கோரலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. முதல் விசாரணை 3 நாளில், முடிவு 60 நாளில் என்பது சட்டம் வைத்த இலக்கு. நடப்பதோ வாய்தா மேல் வாய்தா; அதற்குள் அவள் அடித்தவனிடமே திரும்பிப் போயிருப்பாள்.

விசாரணையை விரைவாக்கினால் பொய் வழக்கு பெருகும் என்பார்கள். எடுத்த எடுப்பில் யாரையும் சிறையில் தள்ளும் சட்டமல்ல இது. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் தண்டனை. பொய்யும் விரைந்த விசாரணையில்தானே வெளுக்கும்? விசாரணை விரைய, இச்சட்டப்படி பெண்ணுக்கு உதவ வேண்டிய பாதுகாப்பு அலுவலர் பதவியைக் கூடுதல் பொறுப்பாக ஒருவர் தலையில் கட்டாமல், முழுநேர ஆட்களைப் போடுங்கள். இடைக்கால உத்தரவு முதல் வாய்தாவிலேயே வரட்டும்.