33 சென்ட் பாக்கி

பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். இப்போது ஒரு கட்சியில் பொறுப்பில் இருக்கிறான். "சார், சமூகநீதின்னு பேசினா இந்தக் காலத்துப் பசங்க காதுலயே வாங்க மாட்டேங்கிறாங்க. புதுசா என்ன சொல்றது?" என்றான். புதிதாக ஒன்றும் வேண்டாம்ப்பா, பழைய பாக்கியே நிற்கிறது என்றேன்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. நான் எத்தனையோ வருடம் நடத்திய பாடம். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விடுங்கள் என்று ஒரு தீர்மானம். பெண்களுக்கும் ஆண்களைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று இன்னொன்று. முதலாவதைப் பெரும்பாலும் செய்துவிட்டோம். (சாதியே போய்விட்டதா என்று கேட்காதீர்கள், அது வேறு பதிவு.) இரண்டாவதற்கு 60 வருடம் கழித்து, 1989-ல் கலைஞர் ஆட்சியில் சட்டம் வந்தது. நாடு முழுவதற்கும் வர 2005 ஆனது. பெருமைதான். ஆனால் பட்டத்தை விடச் செலவில்லை, பங்கு கொடுக்கச் செலவு உண்டு. அங்கேதான் நின்றுவிட்டோம்.

என் கதையையே சொல்கிறேன். அப்பா 1996-ல் தவறினார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். பூர்வீக நிலம் இரண்டு ஏக்கர். தங்கைக்குக் கல்யாணம் ஆனது சட்டம் வந்த பிறகு, அவளுக்கும் சம பங்கு உண்டு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் தம்பியும் அவளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம். பத்திர எழுத்தர் விடுதலைப் பத்திரத்தைப் படித்துக் காட்டினார். அவள் இடுப்பில் அழுத குழந்தையைச் சமாதானம் செய்துகொண்டே கையெழுத்துப் போட்டாள். திரும்பும்போது ஒரு புடவை எடுத்துக் கொடுத்தேன். அந்த வருடமும் வகுப்பில் செங்கல்பட்டு மாநாட்டை நடத்தினேன்.

"நகை போட்டோம், சீர் செய்தோம்" என்பது நம் கணக்கு. அவர்கள் கணக்கு வேறு. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும், பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் வரமாட்டான். அந்தப் பயத்துக்கு 'விட்டுக்கொடுத்தல்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புருஷன் அடித்துத் துரத்தினால் போய் உட்கார ஒரு துண்டு நிலம் அதனால் வராது. அவனிடம் சொன்னேன்: உங்கள் கட்சியில் எத்தனை பேர் அக்கா தங்கைக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள்? வேட்பாளர் நேர்காணலில் அதைக் கேளுங்கள். விடுதலைப் பத்திரம் பதியும் முன், அந்தப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து அவள் பங்கின் மதிப்பைச் சார்பதிவாளர் சொல்ல வேண்டும் என்று அரசாணை கேட்டுப் போராடுங்கள். பசங்க கேட்கிறார்களா இல்லையா, அப்புறம் பார்க்கலாம்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனுக்கு இரண்டு அக்கா.

என்னிடம் இருக்கும் ஒரு ஏக்கரில் 33 சென்ட் தங்கையுடையது. செட்டில்மென்ட் பத்திரம் எழுதச் சொல்லிவிட்டேன். "இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்" என்கிறாள். தம்பி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். என் பெரிய மகன் நான்கு நாளாகப் பேசவில்லை. இதைப் படிப்பான்.