பெயருக்கு உயிர் ஈந்தவரைப் பிள்ளைகள் அறிவரா?

மல்லாங்கிணற்றுப் பள்ளிப் பிள்ளை ஒருவனை வழியில் நிறுத்திப் பாபரின் மகன் யாரென்று வினவுக. உடனே விடை வரும். பானிப்பட்டில் எத்தனை போர்கள் நிகழ்ந்தன, எவ்வெவ் ஆண்டுகளில் நிகழ்ந்தன என்று வினவுக. அதற்கும் விடை வரும். இனி, அவ்வூருக்கு அணித்தே உள்ள விருதுநகரில், இந்நாட்டுக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் சூட்டுக எனக் கேட்டு எழுபது நாளுக்கும் மேலாக உண்ணாதிருந்து உயிர்துறந்த முதியவர் யாரென்று வினவுக. பத்துப் பிள்ளைகளில் எத்தனைப் பிள்ளைகள் தயங்காது விடை கூறும்? தமிழாசிரியர்களே தத்தம் வகுப்பில் இதனை ஆய்ந்து பார்க்கட்டும்! நெஞ்சு சுடும்.

குற்றம் பிள்ளைகளுடையது அன்று. ஊட்டியதைத்தான் பிள்ளை உண்ணும். கற்பித்ததைத்தான் மாணவன் அறிவான். பாடநூலில் சங்கரலிங்கனார் பெயர் எங்கேனும் ஒரு வரியில் இடம்பெறினும், அவ்வரி ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாகிறதே தவிர, பிள்ளையின் குருதியில் கலக்கும் உணர்வாவதில்லை. தேர்வு முடிந்த மறுநாளே அது மறந்துபோகிறது. பள்ளியில் வரலாறு கற்பிக்கப்படுகிறது என்கின்றனர். எவருடைய வரலாறு, எதன்பொருட்டு என்று எவரும் கேட்பதில்லை.

1956ஆம் ஆண்டு (தி.பி. 1987) சூலைத் திங்கள் 27ஆம் நாள், விருதுநகரில் சங்கரலிங்கனார் தம் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அவர் பெருஞ்செல்வர் அல்லர். பதவி கேட்டவரும் அல்லர். காந்தியடிகள் வழிநின்று நாட்டு விடுதலைக்குப் பாடுபட்டவர். அகவை அறுபதைக் கடந்தவர். அவர் முன்வைத்த வேண்டுகைகள் பன்னிரண்டு. அவற்றுள் தமிழர் நெஞ்சில் நிலைத்தது ஒன்று: 'சென்னை மாநிலம்' என்னும் பெயரை நீக்கித் 'தமிழ்நாடு' எனப் பெயரிடுக என்பது. அறிஞர் அண்ணா உள்ளிட்ட தலைவர்கள் நேரில் சென்று நோன்பைக் கைவிடுமாறு வேண்டினர். அவர் கைவிடவில்லை. நாள்தோறும் உடல் மெலிந்தது, உறுதி மெலியவில்லை. இறுதியில் மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு, அக்தோபர் 13ஆம் நாள் உயிர் நீத்தார்.

அவர் மறைந்த பத்தொன்பதாம் நாள், நவம்பர் முதல் நாளில், மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டன. தெலுங்கர்க்கு ஆந்திரம் என்னும் பெயர் வாய்த்தது. மலையாளியர்க்குக் கேரளம் என்னும் பெயர் வாய்த்தது. தமிழனுக்கோ ஒரு நகரின் பெயரே நாட்டின் பெயராக நீடித்தது! 1967 சூலை 18ஆம் நாள்தான் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 சனவரி 14ஆம் நாள், பொங்கல் வேளையில், தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. ஒரு முதியவர் பட்டினியால் மாண்டு பன்னிரண்டு ஆண்டுகள் கடந்த பின்னரே ஓர் இனம் தன் நாட்டைத் தன் பெயரால் அழைக்கும் உரிமை பெற்றது. இன்று மல்லாங்கிணற்றுப் பிள்ளை தன் நோட்டின் மேலட்டையில் 'தமிழ்நாடு' என்று எழுதும்போது, அவ்வைந்தெழுத்தின் விலை என்னவென்று அறியாமலே எழுதுகிறான்.

பிற நாட்டார் இவ்வாறு இருக்கின்றனரா? அயர்லாந்தின் கார்க்கு நகரத் தலைவர் தெரன்சு மேக்சுவினி 1920இல் ஆங்கிலேயர் சிறையில் 74 நாள் உண்ணாதிருந்து மாண்டார். அவர் பெயர் ஐரிசு விடுதலை வரலாற்றின் முதல் வரிசையில் நிற்கிறது. உலகமே அதனை அறியும். ஆந்திர மாநிலம் வேண்டி 1952இல் உண்ணாநோன்பிருந்து மாண்ட பொட்டி சீராமுலுவின் பெயர் 2008இல் நெல்லூர் மாவட்டத்துக்கே சூட்டப்பட்டது. போட்டித் தேர்வு எழுதும் தமிழ் இளைஞனும் அப்பெயரை மனப்பாடம் செய்கிறான். தன் வீட்டு முற்றத்தில் எரிந்தணைந்த விளக்கை மட்டும் அவன் அறியான். அயலார் ஈகத்தை அறிவது அறிவே; தன்னவர் ஈகத்தை மறந்துவிட்டு அதனை அறிவதோ அடிமைத்தனம்.

இங்கே இன்னொன்றையும் மறைக்காது கூறல் வேண்டும். சங்கரலிங்கனார் மாண்டபோது முதலமைச்சராய் இருந்தவர் அதே விருதுநகரில் பிறந்த காமராசர். பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் அரைநாள் பெற்றோர் தொழிலிலும் இருக்க வேண்டும் என்று 1953இல் இராசாசி கொண்டுவந்த திட்டத்தை, 1954இல் ஆட்சிக்கு வந்ததும் கைவிட்டவர் அவர். சிற்றூர்தோறும் பள்ளிகளைத் திறந்தவர் அவர். 1956ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவுத் திட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. ஒரே ஆண்டு, ஒரே ஊரினர் இருவர். ஒருவர் ஏழைப் பிள்ளைகளின் வயிற்றுக்குச் சோறிட்டார். மற்றொருவர் அப்பிள்ளைகளின் நாட்டுக்குப் பெயர் வேண்டித் தம் வயிற்றைக் காயப்போட்டார். சோறிட்டவரின் ஆட்சி, பெயர் கேட்டவரின் குரலுக்குச் செவிசாய்க்கவில்லை.

இதுவன்றோ வரலாற்றுப் பாடம்! இதனை உள்ளவாறு கற்பித்தால் பிள்ளை எத்தனை கற்பான்! சோறிட்ட கையைப் போற்றவும் கற்பான். அக்கை செய்யத் தவறியதைச் சுட்டவும் கற்பான். நல்லவரும் பிழை செய்வர் என்று அறிவான். ஆட்சியின் வலிமையைவிட ஓர் எளியவனின் உறுதி நெடுங்காலம் நிற்கும் என்று தெளிவான். வரலாறு என்பது ஆண்டுகளின் அடுக்கன்று. எடைபோடக் கற்பிக்கும் துலாக்கோல். அத்துலாக்கோலைப் பிள்ளை கையில் கொடுக்க அஞ்சியே, மன்னர் பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புகின்றனர்.

வரலாற்றுக்கு நேர்ந்த இக்கேடே கலைக்கும் நேர்ந்தது. சிவகாசி என்றால் வெடியும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் என்று உலகம் அறியும். விசுவநாததாசு பிறந்த மண் அது என்பதை அம்மண்ணின் பிள்ளைகளே அறியார். 1886இல் அங்குப் பிறந்த அந்நாடகக் கலைஞர், முருகன் கோலத்தில் மயில்மேல் அமர்ந்தபடியே ஆங்கிலேயரை வெள்ளைக் கொக்காக உருவகித்துப் பாடினார். காவலர் மேடைக்கே வந்து தளைப்படுத்தினர். பன்முறை சிறை சென்றார். பிறந்த குலத்தைக் காட்டி அவரோடு மேடையேற மறுத்த சாதிச் செருக்கர்களும் இருந்தனர். அயலானின் அடக்குமுறையையும் உள்ளூரானின் சாதித் திமிரையும் ஒருசேர எதிர்த்து நின்ற அக்கலைஞர், 1940 திசம்பர் 31ஆம் நாள் சென்னையில் வள்ளி திருமண நாடக மேடையிலேயே முருகன் கோலத்தோடு உயிர்விட்டார். கலை என்பது பொழுதுபோக்கன்று, போர்க்கருவி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இதைக் கேட்டறியாத பிள்ளை, பள்ளி ஆண்டுவிழாவில் பொருளறியாத திரைப்பாட்டுக்கு ஆடிப் பரிசு பெறுகிறான். பெற்றோர் கைதட்டுகின்றனர்.

இசையின் நிலையோ இதனினும் இழிந்தது. ச, ரி, க, ம என்று ஏழெழுத்தைப் பிள்ளைகள் ஒப்பிப்பர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என அவ்வேழிசைக்கும் தமிழில் பெயருண்டு என்று எந்தப் பிள்ளைக்கு எவர் சொன்னார்? சிலப்பதிகாரம் பேசும் இசையிலக்கணம் தமிழ்ப்பாட வேளையில் அருஞ்சொற்பொருளாக அடங்கிவிடுகிறது. இசைப்பாட வேளையிலோ அது நுழைவதே இல்லை. பள்ளியாசிரியராய் இருந்து சித்த மருத்துவராய் உயர்ந்த ஆபிரகாம் பண்டிதர், தம் கைப்பொருளைச் செலவிட்டு இசை மாநாடுகள் கூட்டி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை நிலைநாட்டினார். ஈழத்து மட்டக்களப்பு மண்ணில் தோன்றிய விபுலானந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து 1947இல் 'யாழ்நூல்' தந்தார். தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டுப் பாடுக என்று கேட்பதற்கே ஓர் இயக்கம் வேண்டியிருந்தது. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்ற வேண்டியிருந்தது. இத்தனை பேர் மீட்டுத் தந்த செல்வம் பள்ளி வாயிலுக்கு வெளியே கிடக்கிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் முறையன்று. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தப்படுகிறது; அது நன்று. ஆயினும் ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழா, நாள்தோறும் நடக்க வேண்டிய பாடத்துக்கு ஈடாகுமோ? ஓவியம், இசை, தையல், உடற்பயிற்சி முதலியவற்றைக் கற்பிக்க 2012இல் பகுதிநேர ஆசிரியர் 16,549 பேரைத் திங்களுக்கு 5,000 உருபா சம்பளத்தில் அமர்த்தினர். கிழமைக்கு மூன்று அரைநாள் வேலை! கலைக்கு இந்நாடு வைத்த மதிப்பு அந்தச் சம்பளத்திலேயே தெரிகிறது.

மல்லாங்கிணறு கல்வித்துறைக்குப் புதிய ஊரன்று. 2006 முதல் 2011 வரை பள்ளிக்கல்வி அமைச்சராய் இருந்த தங்கம் தென்னரசு இவ்வூரினரே. அக்காலத்தில்தான், 2006இல், பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் வந்தது. 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டமும் வந்தது. வரவேற்கத்தக்கவையே. ஆனால் தமிழ்நாட்டில் தமிழைக் கற்பிக்கவே ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் தலை குனியாதோ? அச்சட்டத்துக்கும் விலக்குக் கேட்டுச் சிறுபான்மை மொழிப் பள்ளிகள் வழக்குமன்றம் ஏறின. அடுத்த ஆட்சியிலோ, 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. தமிழ் ஒரு பாடம். ஏனையவை எல்லாம் ஆங்கிலம். தன் ஊர்க் கண்மாயையும் கரிசல் மண்ணையும் பற்றிய அறிவியலைக்கூட அயன்மொழியில் ஒப்பிக்கும் பிள்ளை, தாய் பேசும் மொழி வீட்டுக்கு மட்டுமே உரியது என்று ஒரு சொல்லும் சொல்லப்படாமலே கற்றுக்கொள்கிறான். பள்ளி கற்பிக்கும் பாடங்களுள் மிக ஆழமாய்ப் பதிவது இதுவே. இதற்குத் தேர்வு இல்லை. ஆயினும் எல்லாரும் தேறுகின்றனர்!

"இவற்றையெல்லாம் கற்றால் வயிறு நிறையுமா?" என்று கேட்போர் உளர். தீப்பெட்டி ஒட்டியும் வெடிமருந்து நிரப்பியும் பிழைத்த பெற்றோர், தம் பிள்ளையேனும் அத்தீயிலிருந்து தப்பட்டும் என்று ஆங்கிலப் பள்ளியைத் தேடுவது இயல்பே. அவர்களைப் பழித்தல் கூடாது. சிவகாசித் தொழிலில் பிள்ளைகள் வாடியது 1996இல் உச்ச வழக்குமன்றம் வரை சென்று தீர்ப்பான செய்தி. ஆனால் அப்பிள்ளைகளை அங்கே தள்ளியது தமிழா? வறுமையும் முதலாளியின் பேராசையும் அல்லவோ! பிழைப்புக்கு ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்க எவரும் தடை செய்யவில்லை. தன்னை இழந்து அதனைக் கற்க வேண்டும் என்பதே மறுக்கப்படுகிறது. சப்பானியர் சப்பான் மொழியில் அறிவியல் கற்று வறியராகிவிடவில்லை. கொரியர் கொரிய மொழியில் கற்றுப் பின்தங்கிவிடவில்லை.

பழியில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு. பழம்பெருமை பேசி மேடையில் கைதட்டல் பெறுவோர் பலர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெம்பக்கோட்டைக்குப் போனவர் எத்தனை பேர்? விருதுநகர் மாவட்டத்திலேயே, வைப்பாற்றங்கரையில், 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் பொம்மைகளும் வெளிப்பட்டன. இந்த மண்ணில் பழங்காலத்திலேயே ஒரு பிள்ளை பொம்மை வைத்து விளையாடியது என்பதை இன்றைய பிள்ளை தன் கண்ணால் காணட்டும். கீழடியிலும் 2023இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டுவிட்டது, தொலைவும் இல்லை. நூறு சொற்பொழிவு செய்யாததை ஓர் உடைந்த பானையோடு செய்யும்.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. ஆண்டுதோறும் அக்தோபர் 13ஆம் நாள், விருதுநகர் மாவட்டப் பள்ளிகள் அனைத்திலும் சங்கரலிங்கனார் வரலாறு ஒரு பாடவேளை முழுதும் சொல்லப்படட்டும். காமராசர் வரலாற்றோடு இணைத்தே சொல்லப்படட்டும். ஏழிசையின் தமிழ்ப்பெயர்கள் தொடக்கப் பள்ளியிலேயே பாடிப் பழக்கப்படட்டும். விசுவநாததாசு கதையைப் பிள்ளைகளே நாடகமாக நடிக்கட்டும். நாடெங்கும் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகள் பெரும்பாலும் சிவகாசியில் அச்சாகின்றன. நல்லநேரமும் இராகுகாலமும் பொறிக்க இடமுள்ள அத்தாளில், அக்தோபர் 13க்கு நேரே அந்த ஈகியின் பெயரைப் பொறிக்க இடமில்லாமற் போகுமோ? தமிழ் உணர்வுடைய அச்சகத்தார் இதனைச் செய்வாராக! வாங்குவோர் கேட்டு வாங்குவாராக!

சோறின்றிப் பள்ளி நடவாது. அதனைக் காமராசர் உணர்ந்தார். பெயரின்றி இனம் வாழாது. அதனைச் சங்கரலிங்கனார் உணர்ந்தார். முன்னவர் இட்ட சோற்றை உண்டு வளர்ந்த தலைமுறை, பின்னவர் ஈந்த உயிரை மறந்தது போதும். அடுத்த தலைமுறையேனும் மல்லாங்கிணற்றுத் தெருவில் நின்று, வினவிய மாத்திரத்தில் அவர் பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லட்டும்!

தமிழாசிரியர்களே, நாளை வகுப்பில் முதற்பாடம் அதுவாகட்டும்!