தோலுக்கு யார் மார்க் போடறது?

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் (கூத்தாநல்லூருங்க) போயிருந்தேன். முன்னெல்லாம் குர்பானித் தோலில் மதரஸாவுக்கு நல்ல வருமானம். இப்போ வண்டிக்கூலிக்கே தேறாதுங்கறாங்க. விலை விழுந்ததுக்கு நூறு காரணம் இருக்கும், அது தனிப் பதிவு. என்னை உறுத்துறது வேற.

சேலம் பக்கத்து மேச்சேரி ஆடு தெரியுமில்லையா? கம்பளி இல்லாத இனம், தோலுக்குன்னே பேர் வாங்கினது. அதுக்காகவே பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அந்த ஆட்டைப் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படிச்சேன் (ஆபீஸ் நேரத்தில்தான், ஹி ஹி). நான் பார்த்த வரைக்கும் பிறப்பு எடை, மூணு மாச எடை, ஆறு மாச எடை... தோலைக் காணோம்! எடையை மட்டுமே பார்த்துக் கிடா பொறுக்கினா, தலைமுறை தலைமுறையா தோல் எந்தப் பக்கம் போகுதுன்னு யாருக்குத் தெரியும்?

சிக்கல் புரியுது. 1970-களில் பிகானேருக்குக் கொண்டுவந்த கராகுல் ஆட்டில், குட்டி பிறந்த ஓரிரு நாளிலேயே சுருளைப் பார்த்துத் தரம் போட்டுடலாம். நம்ம ஆட்டுத் தோல் அறுத்த பிறகுதான் தெரியும். அறுத்த கிடாவை வெச்சு எப்படி இனம் பெருக்குறது?

ஆனா காளையும்தான் பால் கறக்காது! மகள்களோட பாலை வெச்சுக் காளைக்கு மதிப்புப் போட அமெரிக்காவில் சார்லஸ் ஹெண்டர்சன் உருவாக்கின 'பிளப்' முறை இருக்கே. குட்டிகளோட தோலைப் பார்த்துக் கிடாவை எடை போடலாம். தோல் தரம் கிலோ மாதிரி எண் இல்லை, முதல் தரம், இரண்டாம் தரம்னு படிதான். அதுக்கும் 1980-களிலேயே ஜியனோலா 'திரெஷோல்ட் மாடல்' எழுதிட்டார். ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற மார்க்கைக் கணிக்கிற வேலைதான் அது.

ஆக, கணக்கு ரெடி. டேட்டாதான் இல்லை. காதுவில்லை தலையோட ஒரு பக்கம் போகுது, தோல் இன்னொரு பக்கம் ஆம்பூர், வாணியம்பாடின்னு போகுது. நிலையத்து ஆடுகளுக்காவது தோலில் நம்பர் குத்தி, தோல் ஷாப்பில் போடற தரத்தைத் திருப்பி வாங்கலாமே? அம்மை வடு, கத்திக் கிழிசல் எல்லாம் மரபு இல்லை. அதனால் யார் உரிச்சாங்கன்னும் ஒரு காலம் வேணும்.

உரிச்சுக்கிட்டிருந்த பாய்கிட்ட இதைச் சொன்னேன். "கிழியாம உரிக்கிறதே பெரும்பாடு தம்பி, இதுல எம்பேரையும் எழுதுவியா?"ன்னார்.