எலுமிச்சம்பழம் வைத்தால் மட்டும் போதுமா?

மழைக்காலம் நெருங்கினால் நம் கடைகளில் என்னென்ன ஏற்பாடுகள் நடக்கின்றன! சர்க்கரை மூட்டைக்கு அடியில் கட்டை போடுகிறோம். பருப்பைத் தரையிலிருந்து தூக்கி வைக்கிறோம். கூரை ஒழுகும் இடத்தைப் பார்த்து அடைக்கிறோம். சரக்கு நனையக் கூடாது என்று படும் கவலையில் பத்தில் ஒரு பங்காவது, அந்தச் சரக்கைச் சுமந்து தெருத் தெருவாக ஓடும் வண்டியின் டயர் மீது நமக்கு உண்டா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. அதற்கு முன் நம் சரக்கெல்லாம் சைக்கிள் கேரியரிலும் கைவண்டியிலும் போய்க்கொண்டிருந்தது. இன்று அதன் வழிவந்த எக்ஸ்.எல். இல்லாத மளிகைக் கடையைப் பார்ப்பது அரிது. மண்டிக்கு வந்து சரக்கு எடுக்க, வீடுகளுக்கு டெலிவரி செய்ய, வசூலுக்குப் போக எல்லாவற்றுக்கும் அதே வண்டிதான். கல்லாப் பெட்டிக்கு அடுத்தபடியாக நம் வியாபாரம் இந்த இரண்டு சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

சென்ற ஐப்பசி மழையில் நம் கடைவீதியில் நடந்தது இது. நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடையின் பையன், இரண்டு சிப்பம் அரிசியும் ஒரு டின் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு திருப்பத்தில் பிரேக் பிடித்தான். முன் சக்கரம் வழுக்கி ஆள் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம். வேகமாக வந்தான் என்று சொல்ல முடியாது. அந்த நெரிசலில் லோடோடு யார் வேகமாகப் போக முடியும்? மணிக்கட்டு எலும்பு முறிந்து இரண்டு மாதம் கட்டுப் போட்டு வீட்டில் இருந்தான். வண்டியைத் தூக்கி நிறுத்தியபோது பார்த்தால் முன் டயர் புளியங்கொட்டை போல வழவழவென்று இருந்தது. விசாரித்ததில், பின்னால் ஓடித் தேய்ந்ததைக் கழற்றி முன்னால் மாட்டி, புதியதைப் பின்னால் போட்டிருக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் அந்த ஒரு கடையோடு நிற்கவில்லை. முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் என்பதால், தேய்ந்ததை முன்னால் தள்ளி இன்னும் ஆறு மாதம் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறோம். "லோடு பின்னாலேதானே, முன்னாலே சும்மா உருளுறதுதானே" என்று பஞ்சர் கடையிலும் சொல்வார்கள். கணக்கு தலைகீழ். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் டயருடையது. பின் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கச் சில நேரம் முடியும். முன் சக்கரம் வழுக்கினால் கீழே விழுந்த பிறகுதான் தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த சின்ன வண்டிகள் பெரும்பாலானவற்றில் பின் பிரேக்கை அழுத்தினாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிறது. ஆகவே "நான் முன் பிரேக்கையே தொடுவதில்லை" என்ற சமாதானமும் இப்போது செல்லாது.

சரி, டயர் தேய்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? நூல் தெரியும் வரை ஓட்டுவது நம்மவர் வழக்கம். நூல் தெரிகிறது என்றால் அந்த டயரின் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது என்று பொருள். டயரின் பக்கச் சுவரில் சிறிய முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராக மேலே, பட்டைகளுக்கு நடுவே ஓடும் பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும். பட்டை தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் மாற்ற வேண்டியதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகள் இரு சக்கர வண்டிக்கு வைத்திருக்கும் குறைந்த அளவு 0.8 மில்லிமீட்டர். நம் பையில் இருக்கும் பாங்க் கார்டின் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான். கார்டின் ஓரத்தைப் பள்ளத்தில் நிறுத்தி அதன் கனத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அதுவும் சட்டத்தின் கடைசி எல்லை. மழை நீரை வழித்து வெளியே தள்ளுவதற்குத்தான் பள்ளம் இருக்கிறது. அது மேவிவிட்டால் தண்ணீருக்குப் போக இடமில்லை, டயர் தண்ணீர் மேலேயே மிதந்து போகும். லோடு அடிக்கும் வண்டியில் அந்த எல்லை வரை காத்திருக்கக் கூடாது என்பது நம் கருத்து. அதிலும் எண்ணெய் டின் ஒழுகிய கடைவீதிச் சாலையில் முதல் மழை பெய்தால் நல்ல டயரே தடுமாறும்.

தேய்மானம் மட்டுமே பார்த்தால் போதாது. பக்கச் சுவரில் மயிரிழை போல வெடிப்பு, எங்காவது ஒரு புடைப்பு, நடுப் பகுதி மட்டும் தட்டையாகிப் போவது, மாதத்துக்கு மூன்று பஞ்சர் இவையெல்லாம் டயர் சொல்லும் செய்திகள். புடைப்பு இருந்தால் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

தேதி விஷயம் ஒன்று உண்டு. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்க்காமல் நாம் சரக்கு இறக்குவதில்லை. டயரிலும் தேதி இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றிருந்தால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் காய்ந்துதான் போகும். கடைக்காரர் விலை குறைத்துத் தருகிறார் என்றால் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடும் வித்தை நமக்குத் தெரியாததா?

பாரத்தையும் சொல்ல வேண்டும். டயரில் 41 என்று குறியிட்டிருந்தால் அது தாங்குவது 145 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, 26 கிலோ சிப்பம் நமக்குப் பழகிவிட்டது. இரண்டு சிப்பம் 52, எண்ணெய் டின் 15, கேரியரில் ஒரு சர்க்கரை மூட்டை 50, ஓட்டுகிற ஆள் 60. இதோடு வண்டியின் சொந்த எடை. பெரும்பகுதி பின் டயரில் விழும்போது 145-ஐத் தாண்டுவது ஒன்றும் கஷ்டமில்லை. காற்றும் குறைவாக இருந்துவிட்டால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பார்ப்பதுதான் சரியான முறை.

இனி செலவு யாருடையது என்ற கேள்வி. "வண்டி பையனுடையது, நாங்கள் பெட்ரோலுக்குக் கொடுத்துவிடுகிறோம்" என்று பல கடைகளில் சொல்கிறார்கள். இதை நாம் ஏற்பதற்கில்லை. அவன் கோயிலுக்கும் சினிமாவுக்கும் போய் அந்த டயர் தேயவில்லை. நம் மூட்டையைச் சுமந்து தேய்ந்தது. மாதச் சம்பளத்தில் டயர் வாங்கச் சொன்னால் அவன் தள்ளிப் போடத்தான் செய்வான், நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். ஒரு எக்ஸ்.எல். டயரின் விலை ஒரு டின் பாமாயில் விலையைவிடக் குறைவு. டயருக்கான ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது. டயர் மாற்றும்போது டியூபையும் சேர்த்து மாற்றிக் கொடுத்துவிடுங்கள். நீண்டுபோன பழைய டியூப் புதிய டயருக்குள் மடிந்து சீக்கிரம் பஞ்சராகும்.

எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போடுகிறோம். தவறினால் அதிகாரி வந்து நிற்பார் என்ற பயம். டயரைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் எல்லாக் கடை வண்டிகளும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக நிற்கின்றன. ஆயுத பூஜை மழைக்குச் சற்று முன்பாக வருவதும் நல்லதாகப் போயிற்று. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறோம் அல்லவா, அப்போதே டயரையும் பார்த்துவிடலாம். காற்று அளக்கும் கேஜ் ஒன்று வாங்கிச் சங்கக் கட்டடத்தில் வைக்கவும், பூஜைக்கு முந்தைய நாள் ஒரு மெக்கானிக்கை அழைத்து உறுப்பினர் கடைகளின் வண்டிகளைப் பார்க்கச் செய்யவும் அடுத்த செயற்குழுவில் கேட்க இருக்கிறோம். மெக்கானிக் கூலியை மொத்த வியாபாரிகள் ஏற்றுக்கொள்வதாக நம் பக்கத்து நாலைந்து மண்டிக்காரர்கள் இப்போதே சொல்லியிருக்கிறார்கள்.