பல்லோடு வாயையும் பாருங்கள்

இந்திய ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய், வாய்ப்புற்றுநோய். வெற்றிலையோடு மெல்லும் புகையிலை, குட்கா, பீடி, மது ஆகியவையே பெரும்பாலும் காரணம். வெறும் கண்ணாலேயே கண்டறியக்கூடிய நோய் இது. ஆனாலும் பலர் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். தொடக்கத்தில் வலி இருக்காது என்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை.

பல் மருத்துவர் நாக்கை மெல்லிய துணியால் பிடித்து அதன் ஓரங்களையும் அடிப்பகுதியையும் பார்க்கவும், கன்னத்தின் உட்புறத்தையும் கழுத்தையும் தடவிப் பார்க்கவும் சில நிமிடங்கள் போதும். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்கச் சிரமம் ஆகியவை எச்சரிக்கைகள்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைப் பரிசோதித்ததன் பயனாக, புகையிலை, மதுப் பழக்கமுள்ளோரிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. அவர்களால் முடிந்தது பல் மருத்துவரால் முடியாதா?

சொத்தைப் பல்லுக்காக வருபவருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்வது வழக்கமாக வேண்டும். அரசு மருத்துவமனைகள் இதில் முந்திக்கொள்ளட்டும். புகையிலைப் பழக்கமுள்ளவர்கள் பல்வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.