தானியங்கி வெபினாரும் வாணிக நேர்மையும்

அண்மைக் காலத்தில் நம் மாணவர் நாவில் 'வெபினார்' என்னும் சொல் மிகுதியாக வழங்கி வருகின்றது. ஒருவர் தம் இடத்தினின்று பேச, பலர் தத்தம் இடத்தினின்றே இணையத்தின் வாயிலாகக் கேட்கும் சொற்பொழிவுக் கூட்டம் என்பது அதன் பொருள். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் கல்லூரிகள் அடைக்கப்பட்டிருந்த காலத்தில் நம்மில் பலர் இதனைப் பாடம் கேட்கும் சாதனமாகவே அறிந்தோம். இப்பொழுதோ அது பொருள் விற்கும் சாதனமாகவும் வளர்ந்துவிட்டது. பங்குச் சந்தையில் பொருளீட்டும் வழி, ஆங்கிலம் பேசும் வழி, உடல் மெலியும் வழி, வீட்டிலிருந்தே வருவாய் பெறும் வழி என்று பலவற்றை விற்போர் முதலில் நம்மை ஒரு வெபினாருக்கு அழைக்கின்றனர். கட்டணம் இல்லை என்பர். அல்லது 99 ரூபாய் போதும் என்பர். திண்டுக்கல் நகரத்திலும், வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை முதலிய ஊர்களிலும் வேலை தேடும் இளைஞர் கைகளுக்கெல்லாம் இவ்வழைப்பு கைப்பேசி வழியே வந்து சேர்கின்றது. ஆதலின் இம்முறையில் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்று ஆராய்தல் இம்மலருக்குப் புறம்பான விஷயமாகாது.

முதற்கண் 'தானியங்கி வெபினார்' நடைபெறும் முறையைக் கூறுவோம். விற்பவர் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஒரே ஒரு முறை பேசி அதனை ஒளிப்பதிவு செய்துவிடுகிறார். அதன்பின் அவர் வரவேண்டுவதில்லை. மென்பொருள் ஒன்று அப்பதிவை நாள்தோறும், வேண்டின் மணிதோறும், ஓட்டிக்கொண்டிருக்கும். முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ விளம்பரம் கண்டு வருபவர் தம் பெயரையும் கைப்பேசி எண்ணையும் பதிந்தவுடன், கூட்டம் இன்னும் 15 நிமிடத்தில் தொடங்கும் என்று திரை அறிவிக்கும். எவர் எந்நேரத்தில் வரினும் அவருக்கு அடுத்த கூட்டம் அண்மையிலேயே காத்திருக்கும்.

இம்மட்டோடு நில்லாமல், இம்மென்பொருள்களுள் சில இன்னும் ஓரடி மேற்செல்ல விற்பவருக்கு வழி செய்கின்றன. எடுத்துக்காட்டாக, கூட்டத்தில் 312 பேர் இருப்பதாகத் திரையின் மூலையில் ஓர் எண் தோன்றும். அது விற்பவர் முன்னரே குறித்துவைத்த எண். 'வணக்கம், மதுரையிலிருந்து கேட்கிறேன்' என்றும், 'பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன், ஐயா' என்றும் உரையாடற் பகுதியில் வரிகள் ஓடும். அவை இன்ன நிமிடத்தில் இன்ன வரி என்று முன்னரே எழுதிச் சேர்த்தவை. பேச்சு முடியுந் தறுவாயில், 30,000 ரூபாய்ப் பயிற்சி இன்று மட்டும் 5,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றும், ஐந்து இடங்களே எஞ்சியுள்ளன என்றும் அறிவிப்பு வரும். அருகில் கடிகாரம் ஒன்று பின்னோக்கி ஓடும். நாளை வருபவருக்கும் அதே ஐந்து இடங்கள் எஞ்சியிருக்கும். அதே கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து ஓடும். வீட்டில் தனித்து அமர்ந்திருக்கும் ஒருவர், தாம் ஒரு பெருங்கூட்டத்தின் நடுவே இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருப்பார்.

பதிவு செய்த பேச்சைக் கொண்டு பொருள் விற்பது தவறு என்பது நம் கருத்தன்று. சந்தையில் மருந்து விற்பவனும் ஊருக்கு ஊர் ஒரே பேச்சைத்தான் பேசினான். 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொலைக்காட்சி விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பு நீக்கப்பட்ட பின்னர், அரைமணி நேர விற்பனைப் பேச்சுகள் அங்கே பெருகின. அவற்றுட் பல பதிவுகளே. அவ்வழக்கம் பின்னர் நம் நாட்டுத் தொலைக்காட்சிகளுக்கும் வந்தது. ஒரே பேச்சைப் பலமுறை கேட்பிப்பதனால் உழைப்பு மிச்சமாகின்றது. கேட்பவருக்கும் தமக்கு வாய்த்த நேரத்தில் கேட்கும் சௌகரியம் உண்டு. இதனைப் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. பதிவை நேரலை என்று காட்டுவதும், இல்லாத கூட்டத்தை இருப்பதாகக் காட்டுவதுமே பழிக்கத்தக்கன என்போம்.

ஏனெனில், கூட்டம் என்பது வாங்குபவனுக்கு ஒரு காவல். அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கோ ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கோ சென்று பார்ப்போர் இதனை எளிதில் உணர்வர். விலை அறியாதவன் ஒருவன் சந்தைக்குள் நுழைந்தாலும், பக்கத்தில் நிற்பவன் பேரம் பேசுவதைக் கேட்டே அன்றைய விலையை அறிந்துகொள்கிறான். ஒருவன் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துக் குறை சொன்னால் பத்துப் பேர் காதில் அது விழுகின்றது. ஒருவன் கேட்கும் கேள்விக்கு வியாபாரி கூறும் விடை எல்லோருக்கும் உதவுகின்றது. பலர் வாங்காமல் நகர்ந்து செல்வதும் ஒரு செய்தியே. இவ்வாறு முன்பின் அறியாத மனிதர் ஒருவரையொருவர் தம்மையறியாமலே காக்கின்றனர். வேடம் பூண்ட வெபினாரில் இக்காவல் இல்லை. அங்கே ஒருவர் கேட்கும் உண்மையான கேள்வி மற்றவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அது விற்பவரின் மின்னஞ்சலுக்குச் சென்று கிடக்கும். எல்லோர்க்கும் புலப்படும் கேள்விகள் யாவும் விற்பவரே எழுதியவை. அவருக்கு விடை கூற இயலாத கேள்வி அங்கே ஒருபோதும் எழாது. எவரும் பாதியில் எழுந்து செல்வதாகத் தோன்றாது. காவலுக்கு நின்ற கூட்டத்தை அகற்றிவிட்டு, அதன் உருவத்தை மட்டும் விற்பவர் தம் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார். வாங்குபவனுக்கு நேரும் நஷ்டத்துக்கு இதுவே முதற் காரணம்.

இணையத்தின் வழியே நேர்மையாக விற்க இயலாது என்று எவரும் எண்ணவேண்டா. நம் அருகிலுள்ள சின்னாளப்பட்டியையே பார்க்கலாம். சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற அவ்வூர்ச் சேலைகள் இன்று யூடியூபின் வழியாகவும் வாட்ஸ்அப்பின் வழியாகவும் விலைபோகின்றன. நேரலையில் விற்பவர் கைப்பேசியின் முன் சேலையை விரித்துக் காட்டுகின்றார். எங்கோ இருக்கும் பெண்மணி ஒருவர் முந்தானையைக் காட்டுமாறு எழுதினால், உடனே திருப்பிக் காட்டுகின்றார். பார்ப்போர் எல்லோரும் அதனைக் காண்கின்றனர். இது சந்தையின் நீட்சியே.

ஆயினும் நேரலையில் நாள்தோறும் நின்று பேச எல்லோர்க்கும் அவகாசம் இல்லை. திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளரை நினைத்துப் பார்ப்போம். இரும்பையும் பித்தளையையும் கொண்டு கையினால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயின் அலிகாரிலிருந்து வரும் விலை குறைந்த பூட்டுகளோடு போட்டியிட இயலாமல் இத்தொழில் பல ஆண்டுகளாக மெலிந்து வருகின்றது. கைப்பூட்டின் விலை ஏன் கூடுதல் என்பதை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. சொல்லவேண்டிய தொழிலாளரோ அரத்தை வைத்துவிட்டு எழுந்தால் அன்றைய கூலி போய்விடும். அத்தகையவருக்குப் பதிவு செய்த வெபினார் பேருதவியாகும். நெம்புகோல்கள் எவ்வாறு அடுக்கப்படுகின்றன, ஒரு பூட்டின் சாவி மற்றொன்றைத் திறவாதபடி எவ்வாறு அராவப்படுகின்றது, கள்ளனை ஏய்க்கும் தந்திரப் பூட்டு எவ்வாறு இயங்குகின்றது என்பவற்றை அவர் ஒருமுறை காட்டிப் பேசினால், கோலாலம்பூரிலுள்ள தமிழரும் டொராண்டோவிலுள்ள தமிழரும் தத்தம் ஊர் நேரத்தில் கேட்டு வாங்கலாம்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பூட்டு வாங்குபவர் அதன் உட்புறத்தைக் காண்பதில்லை. செய்தவர் சொல்லை நம்பியே வாங்குகின்றார். அச்சொல்லைக் கூறும் கூட்டமே பொய்க்கூட்டமாயின் அப்பூட்டை எவர் நம்புவர்? பயிற்சி, மருந்து, காப்பீடு முதலியவற்றுக்கும் இது பொருந்தும். வாங்கிய பின்னரே தரம் விளங்கும் பொருள்களை விற்போருக்குச் சொல்லின் வாய்மையே முதல். ஒருவர் பொய்யான கூட்டத்தைக் காட்டி இன்று சில ஆயிரம் ஈட்டினால், நாளை நேர்மையாகப் பேச வரும் பூட்டுத் தொழிலாளரையும் மக்கள் ஐயத்தோடுதான் நோக்குவர். ஒருவர் செய்த பிழைக்குப் பலர் இழப்பெய்துவர்.

வாணிகத்தில் வாய்மை வேண்டும் என்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுமிடத்து, கொள்ளும்போதும் கொடுக்கும்போதும் அவர் நடுவுநிலை தவறாமையையே எடுத்துரைக்கின்றது. இக்காலச் சட்டமும் அவ்வழியே செல்கின்றது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிழைபட நம்பச் செய்யும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கலாம். அச்சட்டத்தின்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வெளியிட்ட நெறிமுறைகள், இணையத்தில் வாங்குவோரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களை வகுத்துக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று பொய் அவசரம். இருப்பு உண்மையினும் குறைவாக உள்ளதென்று காட்டுவதும், ஒரு பொருளைப் பலர் நாடுவதாகப் பொய்யாகக் காட்டுவதும் அதனுள் அடங்கும். பங்குச் சந்தைப் பயிற்சி பெயரளவில் கல்வியாகவும் உண்மையில் பங்குப் பரிந்துரையாகவும் நடப்பதைத் தடுக்க, 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் செபி மற்றொரு கட்டுப்பாடு விதித்தது: கல்வி கற்பிப்போர் முந்தைய மூன்று மாத விலை விவரங்களை எடுத்தாளலாகாது. அமெரிக்காவிலோ, பதிவு செய்த நிகழ்ச்சியை அந்நேரத்திலேயே நடப்பது போல் காட்ட முயன்றால், அது பதிவு என்று தொடக்கத்திலேயே அறிவிக்கவேண்டும் என்று வானொலி, தொலைக்காட்சி நிலையங்களுக்கு விதி வகுத்தனர். வெபினாருக்கும் இத்தகைய தெளிவான விதி ஒன்று நம் நாட்டில் வேண்டற்பாலது.

இதனை மறுப்போர் சிலவற்றைக் கூறுவர். 'இது பதிவு என்பது எல்லோர்க்கும் தெரிந்ததே' என்பர். தெரிந்ததாயின் அதனைத் திரையில் எழுதிவிடுவதில் இழப்பு யாது? எழுதினால் விற்பனை குறையும் என்பாராயின், அக்குறைந்த பகுதி பொய்யினால் வந்தது என்பதை அவரே ஒப்புக்கொண்டவராகிறார். 'அவசரம் காட்டாவிடில் மக்கள் நாளை நாளை என்று தள்ளிப்போடுவர்' என்பர். உண்மையான அவசரத்தை எவரும் மறுக்கவில்லை. ஆடித் தள்ளுபடி ஆடியோடு முடிகின்றது. எல்லோரும் அதனை அறிந்தே கடைக்குச் செல்கின்றனர். வருபவர் ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பிறக்கும் காலக்கெடு அத்தகையதன்று. 'பெரு நிறுவனங்களோடு போட்டியிடும் சிறு வியாபாரிக்கு வேறு வழி இல்லை' என்பது மூன்றாவது வாதம். வழி உண்டு. யூடியூபில் 2018-ஆம் ஆண்டு முதல் 'பிரீமியர்' என்னும் ஏற்பாடு உள்ளது. பதிவு செய்த காட்சியைக் குறித்த நேரத்தில் முதன்முறையாக வெளியிட, உண்மையாகவே வந்திருப்போர் கூடிப் பேசிக்கொண்டே அதனைக் காண்பர். ஜூம் நிறுவனத்தின் 'சிமுலைவ்' என்னும் ஏற்பாட்டில், பேச்சு பதிவாயினும் கேள்விகளுக்கு மனிதர் ஒருவர் அப்பொழுதே விடையளிக்க இயலும். அது பதிவு என்று முன்னரே கூறிவிட்டால் அதில் குறையொன்றுமில்லை. ஆகவே, நேர்மையான வழி கருவிக்குள்ளேயே உள்ளது. அதனை மேற்கொள்வது விற்பவர் உள்ளத்தைப் பொறுத்தது.

தானியங்கி வெபினாரால் விற்க விரும்புவோர் ஆறு நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். பேச்சு பதிவு என்பதையும் எந்த நாளில் பதிவானது என்பதையும் தொடக்கத்திலேயே கூறல் வேண்டும். எண்ணிக்கை காட்டினால் மெய்யெண்ணையே காட்டல் வேண்டும். எழுதிவைத்த உரையாடலைச் சேர்த்தல் ஆகாது. காலக்கெடு எல்லோர்க்கும் ஒரே நாளாக இருத்தல் வேண்டும். கேள்விகளுக்கு இத்தனை மணி நேரத்துக்குள் விடை வரும் என்று சொல்லி, கேள்வியும் விடையும் எல்லோரும் காண வெளியிடல் வேண்டும். விற்பவரின் முகவரியும், பணம் திருப்பித் தரும் விதமும் பேச்சிலேயே இடம்பெறல் வேண்டும்.

இனி, நம் மாணவர்க்குச் சில சொற்கள். வாங்குபவராக நீங்கள் ஒரு வெபினாருக்குச் சென்றால், பேசுபவரை உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லுமாறு கேட்டுப் பாருங்கள். பதிவு அதனைச் சொல்லாது. பணம் கட்டும் முன் மறுநாளும் சென்று, அந்த ஐந்து இடங்கள் இன்னும் எஞ்சியுள்ளனவா என்று நோக்குங்கள். ஏமாற்றப்பட்டால் வெட்கி வாளாவிராது, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பகுதிநேர வேலையாகப் பொய் உரையாடல் வரிகளை எழுதித்தருமாறு எவரேனும் கேட்டால் மறுத்துவிடுங்கள். 'பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன், ஐயா' என்று நீங்கள் எழுதும் ஒரு வரியை நம்பி, நத்தத்தில் ஒரு தாய் தன் நகையை அடகு வைக்கக்கூடும்.

நிறைவாக ஒரு கோரிக்கை. வணிகவியல் மாணவரும் கணினியியல் மாணவரும் ஆசிரியர் துணையோடு சேர்ந்து, வரும் ஆண்டில் பூட்டுத் தொழிலாளர் ஒருவருக்கேனும் சின்னாளப்பட்டி நெசவாளர் ஒருவருக்கேனும் மேற்கூறிய ஆறு நெறிகளின்படி ஒரு வெபினார் அமைத்துத் தருதல் வேண்டும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள பழைய மாணவர் அதனைக் கேட்டு, வாங்கி, குறை நிறைகளை வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். பொய்க்கூட்டம் இன்றியும் விற்கலாம் என்பதைச் செய்து காட்டினால், அது நூறு கட்டுரைகளினும் மிகுந்த பயன் தரும். அதன் கணக்கை, இலாபமாயினும் நஷ்டமாயினும், அடுத்த ஆண்டு மலரில் உள்ளவாறே வெளியிடுவோமாக.