மீட்டர் முகத்தையும் படியுங்கள்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நம் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அறிந்த, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. விடை வராவிட்டால் அளவீட்டைத் 'திருத்தி' விடுவது! நானும் அதைச் செய்தேன். முழு மதிப்பெண்ணும் பெற்றேன்.

எல்.சி.ஆர். தொடர்ச்சுற்றில் ஒத்ததிர்வு அலைவெண் காணும் சோதனை அது. சுருள் 100 மில்லிஹென்றி, மின்தேக்கி 0.1 மைக்ரோஃபாரட். வாய்பாட்டின்படி 1592 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் உச்சத்தை எட்ட வேண்டும். எனக்கோ 1450-ஐ ஒட்டியே எட்டிவிட்டது. மும்முறை செய்தும் அதே கதைதான். முடிவில் மூத்த மாணவர் ஒருவரின் ரெக்கார்டைப் பார்த்து, உச்சத்தை நகர்த்தி, அழகான வளைகோடு வரைந்து கொடுத்துவிட்டேன்.

என் தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மின் பேனல் செய்யும் சிறு பட்டறையில் வேலை பார்க்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஒத்ததிர்வைப் பற்றி அவரிடம் என்ன கேட்பது என்றுதான் இருந்தேன். ஆயினும் ஓரிரவு சாப்பிடும்போது மனம் பொறுக்காமல் சொன்னேன். "ஏம்ப்பா, மீட்டர் மூஞ்சில எத்தன சைக்கிள்னு போட்டிருக்கு, பாத்தியா?" என்றார். நான் பார்த்ததே இல்லை. மறுநாள் பார்த்தேன். பொடி எழுத்தில் '50 ஹெர்ட்ஸ்' என்றிருந்தது.

அது இரும்புத் துண்டு நகரும் வகை அம்மீட்டர். பேனலில் அதற்குக் குறையில்லை; நம் நாட்டு மின்தொகுப்பு விதிகள் வகுத்த எல்லையே 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரைதான். ஆயிரத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. மீட்டருக்குள் இருப்பதும் ஒரு சுருள் அல்லவா? அதன் மின்தூண்டலும் நம் சுருளோடு கூடிக்கொள்கிறது. கூடுதலாக 20 மில்லிஹென்றி சேர்ந்தாலே உச்சம் 1453-க்கு இறங்கிவிடும். இரும்பிலும் சுற்றியுள்ள உலோகப் பாகங்களிலும் எழும் சுழல் மின்னோட்டங்கள் முள்ளைக் குறைத்துக் காட்டுவது வேறு. முகப்பில் காணும் 'வகுப்பு 1.5', அதாவது முழு அளவில் 1.5 விழுக்காட்டுக்கு மேல் பிழை இராது என்ற உறுதிமொழி, இங்கே செல்லாது.

ஆகவே, நான் தவறென்று அழித்த எண்களே சுற்றின் உண்மை நிலையைக் கூறின என்பது என் துணிபு. ரெக்கார்டில் கருவிகளின் பெயரோடு அவற்றின் அலைவெண் எல்லையையும் எழுதச் சொல்ல வேண்டும். உச்சம் விலகியிருந்தாலும் காரணம் காட்டிய மாணவனுக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். தடையொன்றின் குறுக்கே உள்ள மின்னழுத்தத்தை சி.ஆர்.ஓ.வில் அளக்கலாமே எனலாம். நன்று, ஆனால் அந்த ஒரு கருவிக்கு வகுப்பு முழுவதும் வரிசையில் நிற்கிறது!

முதலில் குறித்த தாளை நான் கிழிக்கவில்லை. இம்மலர் அச்சேறுமுன் அதை ஆசிரியரிடம் கொடுத்திருப்பேன்.